உடலுக்கும் ஒரு வஸிய்யத்து

அண்ணல் நபி (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் தங்களின் இறுதி நோயில் இருந்தபோது நடந்த ஒரு நிகழ்ச்சியை அன்னை ஆயிஷா (ரலியல்லாஹு அன்ஹா) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் அது இடம்பெற்றுள்ளது. வீட்டார் மருந்து கலந்து பெருமானாரின் வாயோரமாக ஊற்றினார்கள். இப்படி வாயின் ஒரு பக்கமாக ஊற்றும் மருந்துக்கு அரபியில் லதூது என்று பெயர். வேண்டாமென்று பெருமானார் அவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தென்றால் வெறுப்புத்தானே என்று எண்ணிக்கொண்டு வீட்டார் மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். சற்றுத் தெளிவு ஏற்பட்டதும் பெருமானார் அவர்கள், தாம் தடுத்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். பிறகு, அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் தம் கண்முன்னே அதே மருந்து ஊற்றப்பட வேண்டுமென்று உத்தரவிட்டார்கள். அப்பாஸ் (ரலி) அவர்கள் மட்டும் மருந்து கொடுத்த சமயத்தில் அங்கு இல்லாததால் விலக்குப் பெற்றார்கள்.

மருந்து கொடுத்தவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். பெருமானாரைத் தங்கள் உயிரினும் மேலாக நேசித்தவர்கள். அவர்களின் அன்பில் குறை காண எவருக்கும் இயலாது. அப்படிப்பட்ட அன்பே நோயாளியின் விருப்பத்தை மீறிப் போயிற்று. அதைப் பெருமானார் அவர்கள் பாராமுகமாக விடவில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், பொருள் விளங்கும்படியான சைகை இதுபோன்ற விஷயத்தில் வாய்திறந்து சொன்னதற்கு ஒப்பாகும் என்று இந்த ஹதீஸிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

சைகைக்கே இத்தனை மதிப்பு. ஆனால் இன்று நம் வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, சைகை காட்டக்கூட வழியில்லாமல் போய்விடுகிறது. தொண்டையில் குழாய் இறக்கப்பட்டிருக்கும். குழாயைப் பிடுங்கிவிடாதபடி கைகளைத் துணியால் கட்டியிருப்பார்கள். மயக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும். கதவுக்கு வெளியே மூன்று மகன்களும் இரண்டு மருமகன்களும் நின்று ஆளுக்கொரு பேச்சுப் பேசுவார்கள். ஒருவர் எல்லாம் செய்யுங்கள் என்பார். இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பார். பெரியவர் என்ன விரும்பினார் என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். ஏனென்றால் அவரை யாரும் கேட்டதில்லை. மௌத்தைப் பற்றிப் பேசினால் மௌத்து வந்துவிடும் என்று நம் வீடுகளில் ஓர் அச்சம் இருக்கிறது. இதற்கு மார்க்கத்தில் ஓர் ஆதாரமும் கிடையாது.

வஸிய்யத்து என்றால் சொத்து மட்டுமா?

வஸிய்யத்துச் செய்யத்தக்க விஷயம் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதித் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்திருப்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து வஸிய்யத்து என்னிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்றும் அவர்கள் கூறியதாக முஸ்லிமில் வருகிறது. நாமோ வஸிய்யத்து என்றதும் வீடு, வயல், கடை, நகை என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஸஹாபாக்களின் வஸிய்யத்துகளைப் பாருங்கள்.

ஹஜ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் தாங்கள் உடுத்தியிருந்த பழைய துணியையே துவைத்துக் கபனில் சேர்க்கும்படியும், புதுத்துணி உயிரோடிருப்பவருக்கே அதிகம் தேவை என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் குத்துப்பட்டுக் கிடந்தபோது பேரீச்சம்பழ ஊறல் நீரைக் கொடுத்தார்கள்; அது வயிற்றுக் காயத்தின் வழியே வெளியேறியது. பாலைக் கொடுத்தார்கள், அதுவும் வெளியேறியது. இனிப் பிழைப்பதற்கில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர்களிடம் யாரும் அதை மறைக்கவில்லை. உடனே தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். எண்பத்தாறாயிரம் அளவில் வந்தது; அதை எந்த வகையில் அடைப்பது என்று முறை சொன்னார்கள். பெருமானாரின் அருகில் அடங்க ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டு ஆளனுப்பினார்கள். அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். மருந்து பயன்படாது என்று தெரிந்த பின் இருந்த கொஞ்ச நேரத்தை அவர்கள் செலவிட்ட விதம் இது. உண்மையை நோயாளியிடம் மறைத்து, நாளைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று பொய்யாகத் தேற்றும் நம் வழக்கம், கடனைச் சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் தௌபாச் செய்யவும் அவருக்கிருக்கும் நேரத்தைப் பறித்துவிடுகிறது.

எந்த ஆத்மாவும் தான் எந்தப் பூமியில் மரிக்கும் என்று அறியாது என்பது லுக்மான் சூராவின் கடைசி ஆயத்தின் கருத்து. அறிந்தவற்றையெல்லாம் மறந்துபோகும் தள்ளாத வயதுவரை சிலர் கொண்டுசெல்லப்படுவார்கள் என்று ஹஜ்ஜு சூராவின் ஐந்தாம் ஆயத்து உணர்த்துகிறது. மறதி நோய் கண்ட பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இந்த ஆயத்தின் பொருள் நன்றாகவே புரியும். அறிவு தெளிவாக இருக்கும்போதே சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை செய்துகொள்வது ஃபர்ளா?

இங்கேதான் பெரும்பாலோர் மனம் தடுமாறுகிறது. கருவியைப் பொருத்த வேண்டாம் என்று சொன்னால் அது தற்கொலை ஆகிவிடுமோ, மகன் சொன்னால் கொலை ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஈமானின் அடையாளம். அதைக் கேலி செய்யக்கூடாது. ஆனால் மஸ்அலாவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். முதுமை ஒன்றைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் படைக்கவில்லை என்ற கருத்தில் வரும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. அதே பெருமானாரிடம் வலிப்பு நோய் கண்ட ஒரு பெண்மணி வந்து துஆச் செய்யும்படி கேட்டபோது, பொறுமையாயிருந்தால் சுவர்க்கம், விரும்பினால் சுகத்துக்காக துஆ என்று இரண்டில் ஒன்றை அவரே தேர்ந்துகொள்ள விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். வலிப்பு வரும்போது ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆக் கேட்டார். புகாரி, முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸை வைத்து, மருத்துவம் எல்லா நிலையிலும் கட்டாயமன்று என்று இமாம்கள் பலர் முடிவு செய்திருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் மருத்துவம் செய்துகொள்வது சுன்னத்து. ஹனஃபி மத்ஹபில் அது ஆகுமானது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் காரணங்களை மூன்று தரமாகப் பிரித்திருப்பது இந்த இடத்தில் மிகவும் பயன்படும். பசிக்கு உணவும் தாகத்துக்குத் தண்ணீரும் போல நிச்சயமாகப் பயன் தருவது ஒன்று. மருந்தைப் போல, பயன் தரும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்படுவது இரண்டாவது. வெறும் ஊகமாக இருப்பது மூன்றாவது. முதல் தரத்தை விடுவது ஹராம். மற்ற இரண்டையும் விட்டவர் பாவியாகமாட்டார். ஃபதாவா ஆலம்கீரியிலும் இதே பிரிவினை காணப்படுகிறது: உணவை மறுத்து இறந்தவர் குற்றவாளி, மருந்தை மறுத்து இறந்தவர் அப்படியல்லர்.

அக்காலத்து மருந்து வேறு, இக்காலத்து மருந்து வேறு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறுவை சிகிச்சையால் நிச்சயமாகக் குணமாகும் குடல்வால் வீக்கத்தை இன்று இரண்டாம் தரத்தில் வைக்க முடியாது. இதனால்தான் 1992-ம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, சிகிச்சையை விட்டால் உயிரோ உறுப்போ அழியும் என்ற நிலையிலும், நோய் பிறருக்குத் தொற்றும் நிலையிலும் சிகிச்சை வாஜிபு என்று தீர்மானித்தது. மற்ற நிலைகளில் அது சுன்னத்தாகவோ, முபாஹாகவோ, சிலபோது மக்ரூஹாகவோ இருக்கும். நோயாளி அறிவுத் தெளிவோடிருந்தால் அவர் சம்மதம் அவசியம் என்பதும், தெளிவில்லாதபோது வலீயின் சம்மதம் செல்லும் என்பதும், வலீ மறுப்பதால் நோயாளிக்குத் தீங்கு நேரும் என்றால் அந்த மறுப்புச் செல்லாது என்பதும், உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் சம்மதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதும் அதே தீர்மானத்தில் உண்டு.

ஆகவே வாலிபன் ஒருவன் சாலை விபத்தில் அடிபட்டுச் சுவாசக் கருவியில் வைக்கப்படுவதும், உடலெங்கும் புற்று பரவிய எண்பது வயதுப் பெரியவர் இறுதி நாட்களில் அதே கருவியில் வைக்கப்படுவதும் மார்க்கத்தில் ஒரே மஸ்அலா அல்ல. முன்னவருக்குக் கருவி பாலம்; பின்னவருக்கு அது மௌத்தைத் தள்ளிப்போடுவதோடு நின்றுவிடுகிறது. நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை ஓங்கி அமுக்கும்போது முதியவர்களின் விலா எலும்புகள் முறிவது சாதாரணமாக நடப்பது. வீட்டார் இதை அறிவதில்லை.

ஹிஜ்ரி 1409-ல் சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு, நம்பிக்கைக்குரிய மூன்று நிபுண டாக்டர்கள் பயனில்லை என்று முடிவு செய்தால் இதயத்தை மீண்டும் இயக்கும் கருவிகளைப் பயன்படுத்தாமல் விடலாம் என்று கூறியது. அதற்கு முன்பே 1986-ல் அம்மான் நகரில் கூடிய ஃபிக்ஹு அகாடமி, மூளையின் எல்லா இயக்கமும் முற்றாக நின்று, மீளாது என்று நிபுணர்கள் தீர்த்து, மூளை சிதையவும் தொடங்கிவிட்டால் அவரை மௌத்தானவராகவே கொள்ளலாம், இதயம் கருவியால் துடித்துக்கொண்டிருந்தாலும் கருவியை அகற்றலாம் என்று தீர்மானித்தது. இதில் மாற்றுக் கருத்துடைய உலமாக்களும் இருக்கிறார்கள். உங்கள் மனம் எந்த ஆலிமிடம் நம்பிக்கை கொள்கிறதோ அவரிடம் இப்போதே கேட்டுத் தெளிந்து, எந்தக் கருத்தை ஏற்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆலிமைத் தேடி போன் செய்வது அவருக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்.

எல்லை எது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. உயிரைப் போக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஊசி போடுவதும், போடச் சொல்வதும் ஹராம். வேதனை தாங்காமல் மௌத்தை விரும்பிக் கேட்பதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்து, வாழ்வு நலமாக இருக்கும்வரை வாழவைக்கும்படியும், மௌத்து நலமாக இருக்கும்போது கைப்பற்றும்படியும் அல்லாஹ்விடம் கேட்கக் கற்றுத் தந்தார்கள். ஆனால் வலியைத் தணிக்க மருந்து கொடுப்பது வேறு. மார்ஃபின் போதைப் பொருளாயிற்றே என்று அஞ்சிப் புற்றுநோயாளியைத் துடிக்க விடும் வீடுகள் இன்றும் உண்டு. டாக்டர் அளந்து கொடுக்கும் அளவில், வலிக்காக அதைக் கொடுப்பதை உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். முஸ்லிம்கள் நிறைந்த கோழிக்கோட்டில் 1993-ல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டு, அக்கம்பக்கத்துத் தொண்டர்களைக் கொண்டு வீடு தேடிச் சென்று கவனிக்கும் ஏற்பாடாக மலபார் முழுதும் பரவியது. நம் மஹல்லாக்கள் போய்ப் பார்த்து வரவேண்டிய காரியம் அது.

உணவு, தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். அவற்றை நிறுத்தி ஒருவரை மரிக்க விடுவதற்கு இணங்கக் கூடாது என்பதே கஸ்ஸாலி இமாமின் பிரிவினையிலிருந்து நாம் கொள்ளவேண்டிய நிலை. அதே சமயம் ஸக்ராத்தின் நாட்களில் உடலே உணவை ஏற்காமல் விலகிக்கொள்ளும். அப்போது வாயைத் திறந்து கஞ்சியைத் திணிப்பது இரக்கமாகாது. நோயாளிகளை உண்ணும்படி வற்புறுத்தாதீர்கள் என்ற கருத்துள்ள ஹதீஸைத் திர்மிதீ பதிவு செய்திருக்கிறார்கள். நாவை நனைக்க ஒரு பஞ்சில் தண்ணீர் போதும்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2018 மார்ச் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, குணமாகும் நம்பிக்கையற்ற நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. உயிரைப் போக்கும் ஊசிக்கு அந்தத் தீர்ப்பு இடமளிக்கவில்லை. முதலில் மாஜிஸ்திரேட்டின் ஒப்பமும் தேவையாயிருந்தது. அது நடைமுறைக்குக் கடினமாயிருந்ததால் 2023 ஜனவரி 24-ல் விதிகள் எளிதாக்கப்பட்டன. இப்போது, 18 வயது நிரம்பிய, அறிவுத் தெளிவுள்ள ஒருவர், எவருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் அத்தாட்சி பெற்றால் போதும். சாட்சிகள் இயன்றவரை வெளியாட்களாக இருப்பது நல்லது. தமக்காகப் பேசவேண்டியவர் பெயரை அதில் குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டவரையும் குறிப்பிடலாம். ஒரு பிரதி குடும்ப டாக்டரிடமும், ஒரு பிரதி உள்ளாட்சி மன்றம் இதற்கென நியமிக்கும் அதிகாரியிடமும் இருக்க வேண்டும். அவர் யாரென்று நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ விசாரித்துக்கொள்ளவும்.

எழுதி வைத்துவிட்டதால் உடனே யாரும் கருவியைக் கழற்றிவிட மாட்டார்கள். சிகிச்சை செய்யும் டாக்டரும், ஐந்தாண்டு அனுபவமுள்ள வேறு இரு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் பார்க்கவேண்டும். அதன்பின் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும் புதிய நிபுணர்கள் இருவரும் அடங்கிய இரண்டாவது குழு பார்க்கவேண்டும். முடிவை மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். ஹிஜ்ரி 1409 ஃபத்வாவில் மூன்று டாக்டர்கள் என்றிருப்பதையும் இங்கே முதல் குழுவில் மூவர் என்றிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். மனம் சற்று அமைதியடையும். சிங்கப்பூரில் உறவினர் உள்ள குடும்பங்கள், அங்கே இதற்கென 1996-லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டு, தனிப் படிவம் இருக்கிறதென்பதை அறிந்துகொள்ளட்டும். இங்கே எழுதியது அங்கே செல்லாது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் ஷரீஅத் சட்டப்படி சொத்து வஸிய்யத்தை வாய்மொழியாகவும் செய்யலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது, வாரிசுக்குச் செய்வது மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது. சிகிச்சை பற்றிய இந்தப் பத்திரம் வேறு. இது எழுத்தில்தான் இருக்கவேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். சொத்து விவரத்தை ஆஸ்பத்திரியில் நீட்ட யாருக்கும் விருப்பமிராது.

யார் பேசுவது?

மூத்த மகன்தான் என்று வழக்கம் சொல்கிறது. மார்க்கம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் கைபர் நிலத்து வக்ஃபைப் பராமரிக்கும் பொறுப்பை, ஆண்மக்கள் இருந்தும், மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே ஒப்படைத்ததாக அபூதாவூதில் வருகிறது. பொறுப்புக்குத் தகுதிதான் பார்க்கப்பட்டது. துபாயில் இருக்கும் மூத்த மகனைவிட, தினமும் வாப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் இளைய மகளுக்கு அவர் மனம் அதிகம் தெரிந்திருக்கலாம். அழுதுகொண்டே ஆனாலும் நீங்கள் சொன்னதைச் சொன்னபடி டாக்டரிடம் சொல்லக்கூடியவர் யாரோ அவரைக் குறிப்பிடுங்கள். குறிப்பிட்ட பின் மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் அதைச் சொல்லிவிடுங்கள். தாளை மட்டும் எழுதிப் பீரோவில் பூட்டிவைத்தால் சச்சரவுதான் மிஞ்சும்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்கள் உண்டு. சிறுநீரகம் கெட்டு வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெரியவரும் அவர் மகளும் இப்படிப் பேசிக்கொள்ளலாம்:

“வாப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு மக்கா.”

“நாளைக்கு உங்களுக்குப் பேச முடியாம ஆச்சுன்னா, டாக்டர் எங்ககிட்டத்தான் கேப்பாரு. நாங்க என்ன சொல்லணும்?”

“அல்லாஹ் போட்டபடி நடக்கும். அதுக்கு இப்ப என்ன?”

“அல்லாஹ் போட்டபடிதான் வாப்பா. ஆனா கையெழுத்து நாங்கதானே போடணும்? காக்கா ஒண்ணு சொல்லும், நான் ஒண்ணு சொல்லுவேன். உங்க வாய்ச்சொல்லு இருந்தா எங்களுக்குச் சண்டை இல்லே.”

“ம்... சுகமாகும்னு டாக்டர் சொன்னா எல்லாம் பாருங்க. ஆகாதுன்னு சொல்லிட்டா அந்தக் கண்ணாடி ரூம்ல என்னைத் தனியாப் போட்டுராதீங்க. உங்க உம்மா பக்கத்துல இருக்கணும். யாரவது கலிமா சொல்லணும்.”

இவ்வளவுதான். அத்தா என்றழைக்கும் வீட்டிலும் வாப்பா என்றழைக்கும் வீட்டிலும் இந்தப் பேச்சுக்குக் கால்மணி நேரம் போதும். அந்தப் பெரியவர் சொன்னதில் பத்திரத்துக்கு வேண்டிய பாதி விஷயம் வந்துவிட்டது.

என்ன எழுதலாம்?

மாதிரிக்கு ஒன்று தருகிறோம். அவரவர் நிலைக்குத் தக்கபடி ஆலிமையும் டாக்டரையும் கலந்து மாற்றிக்கொள்ளவும்.

அல்லாஹ்வின் திருநாமத்தால். நான் அறிவுத் தெளிவோடும், எவருடைய வற்புறுத்தலும் இன்றியும் இதை எழுதுகிறேன். எனக்குக் குணமாகும் நம்பிக்கை இருக்கும்வரை தகுந்த சிகிச்சைகளைச் செய்யவும். குணமாகாத இறுதி நிலையை அடைந்துவிட்டேன் என்று சட்டப்படியான மருத்துவக் குழுக்கள் முடிவு செய்தால், எனக்குச் சுவாசக் கருவி பொருத்துவதோ, நின்ற இதயத்தை இயக்க முயல்வதோ, டயாலிசிஸைத் தொடர்வதோ வேண்டாம். என் உயிரைப் போக்கும் நோக்கத்தோடு எதுவும் செய்யக்கூடாது. வலி தணிக்கும் மருந்தும், உடல் ஏற்கும் அளவு உணவும் நீரும், சுத்தமும், உறவினர் அருகிலிருப்பதும் கடைசிவரை வேண்டும். என்னால் பேச இயலாதபோது இன்னார் எனக்காகப் பேசுவார். அவர் இல்லையேல் இன்னார்.

இதோடு இன்னும் சில சிறு விஷயங்கள் சேரலாம். பெண்களாயிருந்தால், இயன்றவரை பெண் நர்சுகள் கவனிக்க வேண்டும் என்பது. இரத்தம் உறையாமலிருக்கப் போடப்படும் ஹெப்பாரின் மருந்து பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவதால், நிர்ப்பந்த நிலையில் அதை ஏற்பதா என்று ஆலிமிடம் கேட்டறிந்த முடிவு. உறுப்பு தானம் பற்றித் தாம் ஏற்ற கருத்து. வெளியூரில் மௌத்தானால் அங்கேயே அடக்குவதா என்பது. ஷாபிஈ மத்ஹபில் மையித்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு.

செலவைப் பற்றியும் ஒரு வரி எழுதத்தான் வேண்டும். இதைப் பிள்ளைகள் தாமாகப் பேசமுடியாது; பேசினால் வாப்பாவின் உயிருக்குக் கணக்குப் பார்க்கிறான் என்று ஊர் சொல்லும். பெரியவர்தான் பேசவேண்டும். ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் கடும் நோயில் இருந்தபோது, வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிடத் தேவையற்றவர்களாக விட்டுச் செல்வது சிறந்தது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களுக்குப் போதித்தார்கள். டாக்டர்களே கைவிட்ட பின், வீட்டை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, நாள் ஒன்றுக்குப் பல ஆயிரங்களை ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது எந்த மத்ஹபிலும் கடமையாக்கப்படவில்லை. என் பெயரைச் சொல்லி வட்டிக்கு வாங்காதீர்கள் என்று ஒரு தகப்பனார் எழுதிவைத்தால், மகன் தன் ஆயுள் முழுதும் சுமக்கவிருந்த இரண்டு சுமைகளை இறக்கிவிட்டார் என்று பொருள்: ஒன்று கடன், மற்றது குற்ற உணர்வு.

பத்திரத்தை எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றலாம். உடல்நிலை மாறும்போது மனமும் மாறுவது இயற்கை. ஆண்டுக்கொருமுறை, ஸகாத்துக் கணக்குப் பார்க்கும் நாளில், இதையும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தொழுகையும் தல்கீனும்

ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் தொழுகை நின்றுவிடுகிறது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் அறிவு இருக்கும்வரை தொழுகை நீங்காது. உட்கார்ந்தோ, படுத்தோ, கண்சாடையாலோ, அதுவும் இயலாதபோது மனத்தாலோ நிறைவேற்ற வேண்டும். ஹனஃபி மத்ஹபில் தலையால் சாடை செய்யவும் இயலாவிட்டால் தொழுகை பிற்படுத்தப்படும். தண்ணீர் ஆகாதென்றால் தயம்மும் உண்டு. கட்டிலைக் கிப்லாப் பக்கம் திருப்பும்படி கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். நினைவிழந்து கிடந்தவருக்கு, ஒரு தொழுகையின் நேரம் முழுவதும் நினைவில்லாமல் கழிந்தால் அந்தத் தொழுகைக்குக் களா இல்லை என்பது ஷாபிஈ சட்டம். ஹனஃபி சட்டத்தில் ஒரு நாளைக்கு மேல் நினைவிழந்தால்தான் களா நீங்கும். ஆரோக்கியமாக இருந்தபோது விட்ட நோன்புகளின் கணக்கைப் பத்திரத்தோடு ஒரு தனித்தாளில் எழுதிவைத்தால் ஃபித்யாவுக்கு உதவும். விட்ட தொழுகைகளுக்கும் ஃபித்யா கொடுக்கும்படி வஸிய்யத்துச் செய்வது ஹனஃபி மத்ஹபினரின் வழக்கம்.

மரணத் தறுவாயிலிருப்பவருக்குக் கலிமாவைச் சொல்லிக் காட்டும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர் நேரம் குறுகியது. மௌத்து அந்த நேரம் பார்த்து வருவதில்லை. ஆகவே சேர்க்கும் அன்றே பெரிய டாக்டரைப் பார்த்து, நிலைமை முற்றினால் எங்களில் ஒருவர் கட்டிலருகே நின்று மெதுவான குரலில் ஓத அனுமதி வேண்டும் என்று சொல்லிவைக்க வேண்டும். நெருக்கிச் சொல்லக் கூடாது. சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. அவர் காதில் விழும்படி ஒருமுறை சொன்னால் போதும். அவர் சொல்லிவிட்டால் வேறு பேச்சு அவர் பேசாதவரை திரும்பச் சொல்லவேண்டியதில்லை. அந்த ஒருவர் யார் என்பதையும், அவருடைய போன் நம்பரையும் பத்திரத்தின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.